குழந்தை காட்டிய ஆள்

நம்முடைய துப்பறியும் கதைகளிலும், அப்படிப் பெயர் சூட்டிக்கொள்ள வெட்கப்படும் குடும்பக் கதைகளிலும் ஒரு காட்சி அடிக்கடி வருகிறது. கொலை நடந்துவிட்டது. போலீஸார் திணறுகிறார்கள். சிறைச்சாலை முற்றத்தில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். சம்பவத்தைக் கண்ட ஒரே சாட்சி ஆறு வயதுக் குழந்தை. அது அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறது. நாலாவது ஆளின் முன்னால் நின்றுவிடுகிறது. கண்கள் அகலுகின்றன. பிஞ்சு விரல் மேலே எழுகிறது. “இந்த மாமாதான்!” என்கிறது. அந்த ஆள் தலையைக் குனிந்துகொள்கிறான். கதை முடிந்தது.

சென்ற ஆண்டு ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளைப் படித்துத் தரும் வேலை எனக்கு வாய்த்தது. அவற்றில் சிலவற்றிலாவது இந்த விரல் எழுந்தது. எழுதியவர்கள் ஒருவருக்கொருவர் அறியாதவர்கள், வெவ்வேறு ஊர்க்காரர்கள். ஆனாலும் எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி காட்டின; எல்லாக் குழந்தைகளும் சரியான ஆளையே காட்டின. ஒரு குழந்தைகூடத் தவறவில்லை. ஒரு குழந்தைகூட, “இதிலே அந்த ஆள் இல்லை” என்று சொல்லவில்லை.

இந்தக் காட்சி நமக்கு ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது? குழந்தை பொய் சொல்லாது என்ற நம்பிக்கைதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில் எனக்கு அதிகத் தகராறு இல்லை. குழந்தைகளும் தேவைக்கு ஏற்பப் பொய் சொல்லும் என்பது பிள்ளை பெற்ற யாருக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு மனிதனைத் தூக்குமரத்துக்கு அனுப்பும் பொய்யை ஆறு வயதுக் குழந்தை தானாகத் திட்டமிட்டுச் சொல்லாது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி தீர்ந்தபாடில்லை. பொய் சொல்லாதவர்கள் தவறமாட்டார்களா?

நம் இலக்கியத்தில் தவறாக ஆள் காட்டப்பட்ட மிகப் பெரிய கதை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கோவலனைக் கள்வன் என்று காட்டிக்கொடுக்கும் பொற்கொல்லன், தானே அரண்மனைச் சிலம்பைத் திருடியவன். கொல்ல வந்த காவலர்கள்கூட இவன் முகத்தைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை அடுக்கிச் சொல்லி அவர்கள் கண்ணையே அவர்கள் நம்பாதபடி செய்துவிடுகிறான். அருமையான காட்சி. ஆனால் அதிலிருந்து நாம் தலைமுறை தலைமுறையாக எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: தவறாக ஆள் காட்டுவதற்கு ஒரு வஞ்சகன் வேண்டும். நம் நாவல்களையும் நாடகங்களையும் சினிமாக்களையும் எடுத்துப் பாருங்கள். அப்பாவி மாட்டிக்கொண்டால் பின்னால் ஒரு பொற்கொல்லன் கட்டாயம் இருப்பான். வஞ்சம் இருந்தால்தான் தவறு நேரும். குழந்தையிடம் வஞ்சம் இல்லை. ஆகவே குழந்தை காட்டிய ஆள் குற்றவாளிதான். இந்தக் கணக்கில்தான் நம் கதைகள் நடக்கின்றன. கணக்கின் முதல் வரியே பிழை என்பது என் அபிப்பிராயம்.

1987-ல் பாசில் எடுத்த ‘பூவிழி வாசலிலே’ படத்தை வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். காது கேளாத, வாய் பேசாத ஒரு குழந்தை. தாயின் கொலைக்கு அது ஒன்றே சாட்சி. குழந்தையின் பயத்தை அந்தப் படம் காட்டும் விதத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. கொன்றவர்களை மறுபடி காணும்போது குழந்தையின் உடல் நடுங்குவதே வாக்குமூலமாகிவிடுகிறது. ஆனாலும் கவனியுங்கள்: பார்க்கிற நமக்குக் கொலைகாரர்களின் முகம் முன்பே தெரியும். குழந்தை சரியாகத்தான் அடையாளம் காண்கிறது என்பது நமக்குத் தெரிந்தபிறகே அது அடையாளம் காண்கிறது. மாஜிஸ்டிரேட்டுக்கு இந்த வசதி கிடையாது. அவருக்கு முன்னால் இருப்பது ஒரு விரல் மட்டும்தான். கதாசிரியன் வாசகனை மாஜிஸ்டிரேட்டின் இடத்தில் ஒரு நிமிஷமாவது நிற்கவைத்திருந்தால் நம் கதைகள் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அந்த மாஜிஸ்டிரேட் என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். அடையாள அணிவகுப்பு என்பது கதைகளில் வருவதுபோலச் சந்தேகப்பட்டவர்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, யார் என்று கேட்பதல்ல. பிடிபட்டவனை அவனுக்குச் சம்பந்தமில்லாத மற்றவர்களோடு கலந்து நிறுத்தவேண்டும். அவர்கள் வயதிலும் உயரத்திலும் தோற்றத்திலும் வாழ்க்கை நிலையிலும் கூடியவரையில் அவனை ஒத்திருக்கவேண்டும். அவன் உடையில் கண்ணை உறுத்தும்படி ஏதாவது இருந்தால், அதைக் களைந்துவிடவேண்டும். அல்லது மற்றவர்களுக்கும் அதுபோல அணிவிக்கவேண்டும். எந்த இடத்தில் நிற்பது என்பதை அவனே தீர்மானிக்கலாம். சாட்சி முன்கூட்டி அவனைப் பார்த்துவிடக் கூடாது. இவ்வளவும் எதற்காக? சாட்சி உண்மையிலேயே நினைவிலிருந்து காட்டுகிறாரா, கண்முன் இருக்கும் குறிப்புகளைக் கொண்டு ஊகிக்கிறாரா என்று பிரித்தறிவதற்காக.

இப்படி அடையாளம் காட்டுவதைச் சட்டமும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 9ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் 7ஆம் பிரிவாகியிருக்கும் விதியின்கீழ் அது ஒரு பொருத்தமான விவரம், அவ்வளவுதான். சிறைக்குள் காட்டியது தனியாக நின்று யாரையும் தண்டிக்கப் போதாது, நீதிமன்றத்தில் சொல்லும் சாட்சியத்துக்குத் துணைதான் என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. கதைகளிலோ விரல் எழுந்த கணத்திலேயே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது.

இனி என் ஊருக்கு வருகிறேன். தேவாரத்தில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஆட்கள் மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குப் போவார்கள். பொழுது சாயும் நேரத்தில் திரும்புவார்கள். ஆண்கள் தலையில் துண்டைக் கட்டியிருப்பார்கள், அல்லது குளிருக்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டிருப்பார்கள். கையில் தூக்குவாளி. மழைக்காலமானால் மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். மங்கிய வெளிச்சத்தில் இவர்களில் ஒருவன் டீக்கடைப் பக்கம் ஏதோ விபரீதம் செய்துவிட்டு ஓடினான் என்றும், வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி அதைப் பார்த்தாள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அவள் என்ன பார்த்திருப்பாள்? குல்லா, தூக்குவாளி, ஓட்டம். முகத்தைப் பார்த்திருந்தாலும் அது குல்லாவுக்கும் இருட்டுக்கும் நடுவே அகப்பட்ட முகம்.

1977-ல் அமெரிக்காவில் சூசன் கேரி, ரியா டயமண்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் முகப்படங்களைக் கொண்டு சில சோதனைகள் செய்தார்கள். தொப்பியையோ உடையையோ மாற்றிவிட்டால் ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட எளிதாக ஏமாந்துபோனார்கள். முகம் வேறானாலும் தொப்பி ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றே என்றார்கள். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது, எந்த வயதில் மறைகிறது என்பதில் பின்னால் வந்தவர்கள் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் நம் திண்ணைச் சிறுமிக்கு முன்னால் ஏழு பேரை நிறுத்தி, அவர்களில் ஒருவன் தலையில் மட்டும் குல்லா இருந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை. உடையைப் பற்றிய அந்த விதியை எழுதியவர் யாரோ, மனித சுபாவம் அறிந்தவர்.

இதையெல்லாம் ஒழுங்காகக் கவனித்துவிட்டாலும் ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியதும் அதுதான்.

கனடாவைச் சேர்ந்த ஜொவான்னா பொஸ்ஸுலோவும் ராட் லிண்ட்சேயும், அதுவரை பலர் செய்திருந்த சோதனைகளைத் தொகுத்து 1998-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். குற்றவாளி வரிசையில் இருக்கும்போது, ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் ஏறக்குறையப் பெரியவர்கள் அளவுக்கே சரியாகக் காட்டுகிறார்கள். இதைப் படித்ததும் நம் கதாசிரியர்கள் துள்ளிக் குதிக்கலாம். ஆனால் அடுத்த பாதியையும் படிக்கவேண்டும். குற்றவாளி வரிசையில் இல்லாதபோது, அதாவது போலீஸார் தவறான ஆளைப் பிடித்து நிறுத்தியிருக்கும்போது, பிள்ளைகள் பெரியவர்களைவிட மிக அதிகமாக யாரோ ஒருவரைக் காட்டிவிடுகிறார்கள். சின்னக் குழந்தைகள் மட்டுமல்ல. பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளும் அப்படித்தான்.

ஆகவே குழந்தைக்கு நினைவு போதாது என்பதல்ல குறை. ‘இல்லை’ என்று சொல்லத் தெரியவில்லை என்பதுதான் குறை. இரண்டுக்கும் பெரிய தூரம் உண்டு.

இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு விளையாட்டுப் புத்தி வந்தது. எங்கள் பகுதியில் ஏலக்காயைக் கொட்டிவைத்து நிறமும் பருமனும் பார்த்துத் தரம் பிரிப்பது வழக்கமான வேலை. பிள்ளைகளும் அதைப் பார்த்தே வளர்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி, ஏழு வயது, கெட்டிக்காரி. ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழுந்த ஒரு காயை அவள் கையில் கொடுத்து நன்றாகப் பார்க்கச் சொன்னேன். பிறகு அதை வாங்கி, அவள் அறியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புள்ளியே இல்லாத ஆறு காய்களை ஒரு தட்டில் பரப்பி, “நீ பார்த்தது எது? எடும்மா” என்றேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். கடைசியில் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இதிலே புள்ளி இல்லையே?” என்று கேட்டேன்.

“இல்ல மாமா.”

“அப்புறம் ஏன் இதை எடுத்தே?”

“நீங்கதானே மாமா எடுக்கச் சொன்னீங்க?”

அவள் முகத்தில் கள்ளம் கொஞ்சமும் இல்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன், அவள் எடுத்தாள். ஒரு சிறுமியை வைத்துக்கொண்டு எதையும் நிரூபித்துவிட முடியாது என்பது தெரியும். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் அட்டவணை போட்டுச் சொன்னது எனக்கு அந்த ஒரு பதிலில் விளங்கிவிட்டது.

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பார்கள். சரக்குப் பிடிக்காவிட்டால் விலை கேட்காமல் விட்டுவிடுவார்கள். யாரும் அவர்களைக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பெரியவர்களுக்கு ‘வேண்டாம்’ என்பதும் ஒரு பதில் என்று தெரிந்திருக்கிறது. குழந்தைக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தோம்? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்கும் கேள்விக்கு விடை உண்டு. அது வாத்தியாருக்கு முன்பே தெரியும். சொன்னால் புகழ்ச்சி, சொல்லாவிட்டால் முகச்சுளிப்பு. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் கடைசிப் புத்திமதியே, “தெரியாட்டியும் எதையாவது எழுது, வெறும் தாளைக் கொடுத்துட்டு வராதே” என்பதுதான். அதே பிள்ளையைச் சிறைக்கு அழைத்துப் போகிறோம். பெரிய மதில், காக்கி உடைகள், நாற்காலியில் ஓர் அதிகாரி. எல்லோரும் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதிரே ஏழு பேர். வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வர எந்தக் குழந்தைக்குத் துணிவு வரும்?

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த உண்மையும் அல்ல. 1910-ல் பெல்ஜியத்தில் ஒரு கொலை வழக்கு குழந்தைகளின் சாட்சியத்தை நம்பி நடந்தபோது, வாரெண்டாங்க் என்ற மனோதத்துவ அறிஞர் ஏழு வயது மாணவர்களிடம், அவர்கள் நன்றாக அறிந்த ஓர் ஆசிரியரின் தாடி என்ன நிறம் என்று கேட்டார். பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் ஒரு நிறத்தைச் சொன்னார்கள். அந்த ஆசிரியருக்குத் தாடியே கிடையாது. கேட்டவர் பெரியவர், ஆகவே தாடி இருந்துதான் ஆகவேண்டும்!

இதன் விலை என்ன என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அது அணிவகுப்பு வழக்கு அல்ல. ஆனாலும் ‘போல’ என்ற சொல் எப்படி ‘தான்’ என்று ஆகிறது என்பதைக் காட்டுகிறது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் 1998-ல் கிளாரன்ஸ் எல்கின்ஸ் என்பவரின் மாமியார் கொலையுண்டார். அந்த வீட்டில் இருந்த ஆறு வயதுப் பேத்தியும் கொடுமையாகத் தாக்கப்பட்டாள். இருட்டில் தாக்கியவன் எல்கின்ஸைப் போல இருந்தான் என்று அந்தக் குழந்தை சொன்னாள். விசாரணை நடக்க நடக்க அது எல்கின்ஸ்தான் என்று உறுதிப்பட்டது. 1999-ல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சில வருஷங்கள் கழித்து அந்தச் சிறுமியே, தனக்கு நிச்சயமில்லை என்று சொன்னபோது கோர்ட் அதை ஏற்கவில்லை. 2005-ல், அதே சிறையில் வேறு குற்றத்துக்காக இருந்த ஒருவன் பிடித்துப் போட்ட சிகரெட் துண்டை எல்கின்ஸ் எடுத்து அனுப்பினார். மரபணுச் சோதனையில் அவனே குற்றவாளி என்று தெரிந்தது. எல்கின்ஸ் விடுதலையானார். ஏழு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. இதில் பொற்கொல்லன் யார்? ஒருவரும் இல்லை. அடிபட்ட ஒரு குழந்தையும், அதற்கு நியாயம் தேட அவசரப்பட்ட பெரியவர்களும்தான்.

இந்த உண்மையை உணர்ந்து எழுதியவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. மூன்று படைப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பீட்டர் வியர் 1985-ல் எடுத்த ‘விட்னஸ்’ என்ற படம். ஆமிஷ் என்னும் ஒதுங்கி வாழும் சமூகத்தைச் சேர்ந்த சிறுவன் ஒருவன், பிலடெல்பியா ரயில் நிலையத்தில் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறான். துப்பறியும் அதிகாரி முதலில் ஒருவனை இழுத்து வந்து கார் ஜன்னலில் முகத்தை அழுத்தி, இவனா என்று கேட்கிறார். இதைவிட மோசமான முறை வேறு கிடையாது. ஒரே ஆளைக் காட்டிக் கேட்டால் ஆமாம் என்பதற்குத்தான் வழி. பையன் இல்லை என்கிறான். பிறகு போலீஸ் நிலையத்தில் வரிசையைக் காட்டுகிறார்கள். அங்கும் இல்லை. கடைசியில் தானாகச் சுற்றி வரும்போது, ஒரு கண்ணாடி அலமாரிக்குள் இருந்த பத்திரிகைத் துண்டில் பாராட்டுப் பெற்ற ஒரு போலீஸ்காரனின் படத்தைக் கண்டு விரலை நீட்டுகிறான். அதிகாரி ஓடி வந்து அந்த விரலைத் தன் கைக்குள் மூடிக்கொள்கிறார். எல்லோரும் கடைசி விரலைப் புகழ்வார்கள். நான் முன்னால் சொன்ன இரண்டு ‘இல்லை’களைப் புகழ்கிறேன். அவை இருப்பதால்தான் அந்த விரலை நாம் நம்புகிறோம். கேட்காத கேள்விக்குக் குழந்தை தானே சொன்ன பதில் அது. நம் போட்டிக் கதைகளில் இல்லாதது இந்த ‘இல்லை’தான்.

இரண்டாவது, கிரேஹாம் கிரீன் தம் சிறுகதை ஒன்றைத் தழுவி எழுதித் தர, கேரல் ரீட் 1948-ல் எடுத்த ‘தி ஃபாலன் ஐடல்’. தூதர் வீட்டுச் சிறுவனுக்கு வீட்டு வேலைக்காரரான பெயின்ஸ் என்றால் உயிர். பெயின்ஸுக்கும் அவர் மனைவிக்கும் மாடியில் சண்டை நடக்கிறது. வெளியே இரும்புப் படிக்கட்டில் இறங்கும் பையன் ஒரு ஜன்னல் வழியாகச் சண்டையைப் பார்க்கிறான். அடுத்த ஜன்னலுக்கு வரும்போது அவள் கீழே பிணமாகக் கிடக்கிறாள். அவள் தவறி விழுந்தது இரண்டு ஜன்னல்களுக்கும் இடையில். பையன் அந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறான்: பெயின்ஸ் தள்ளிவிட்டார். அவரைக் காப்பாற்ற வேண்டுமென்று அவன் சொல்லும் ஒவ்வொரு பொய்யும் அவர் கழுத்துச் சுருக்கை இறுக்குகிறது. கடைசியில் அவன் உண்மையைச் சொல்ல வரும்போது யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. குழந்தை பார்த்ததையும் முடிவு கட்டியதையும் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பையனுக்கு அன்பு நிறைய இருந்தது; வஞ்சம் துளியும் இல்லை.

மூன்றாவது, இயான் மக்யூவன் 2001-ல் எழுதிய ‘அடோன்மென்ட்’ என்ற நாவல். 1935ஆம் வருஷத்துக் கோடை இரவு ஒன்றில், பிரையனி என்ற பதிமூன்று வயதுப் பெண் இருட்டில் விலகிப் போகும் ஓர் உருவத்தைப் பார்க்கிறாள். கெடுக்கப்பட்ட பெண் பெயர் சொல்லவில்லை, பிரையனி சொல்கிறாள். ராபி என்கிறாள். அவர் வீட்டு வேலைக்காரியின் மகன். அன்று பகலில் அவள் பார்த்த சில காட்சிகளும், படிக்கக்கூடாமல் படித்துவிட்ட ஒரு கடிதமும் அவள் மனத்தில் ராபியை வில்லனாக்கி வைத்திருந்தன. அவள் கதையும் நாடகமும் எழுதுகிற பெண். கதைக்கு ஒரு வில்லன் தேவை, இருட்டில் உருவம் தயார், பெயரும் தயார். போலீஸார் கேட்கக் கேட்க, மறுபடி மறுபடி சொல்லச் சொல்ல, ஊகம் நிச்சயமாகிறது. பின்வாங்க வழியில்லை, பெரியவர்கள் எல்லோரும் அவளைப் பாராட்டிவிட்டார்களே! ராபி சிறைக்குப் போகிறான். பிரையனி வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுமக்கிறாள். தவறாகக் காட்டப்பட்டவன் மட்டுமே பலி என்று நாம் நினைக்கிறோம். காட்டிய குழந்தையும் பலிதான் என்று இந்த நாவல் நினைவூட்டுகிறது.

இவ்வளவும் சொன்னதைக் கொண்டு, குழந்தைகளின் சாட்சியமே உதவாது என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துக்கொள்ளக் கூடாது. அது இன்னும் பெரிய அநியாயமாகும். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளில் பெரும்பாலும் அந்தக் குழந்தையைத் தவிர வேறு சாட்சி இருப்பதில்லை. செய்தவனும் பெரும்பாலும் அதற்குத் தெரிந்தவனே. அங்கே முகம் அடையாளம் காட்டும் பிரச்னையே எழாது. சாட்சி சொல்ல இத்தனை வயதாகியிருக்கவேண்டும் என்று நம் சட்டம் எல்லை வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவோடு பதில் சொல்ல முடிந்தால் போதும். 1951-லேயே உச்ச நீதிமன்றம், சத்தியப்பிரமாணம் செய்விக்கப்படாத எட்டு வயதுச் சிறுமியின் சாட்சியத்தை ஏற்றது. ஏழு வயதில், தாயைத் தந்தை கொன்றதைக் கண்ட ஒரு மகளின் சாட்சியத்தை உயர் நீதிமன்றம் தள்ளியிருந்தபோது, 2025-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுத் தந்தையின் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. அந்தப் பெண்ணுக்குத் தந்தையை அடையாளம் காட்ட வரிசை எதற்கு?

அந்நியன் விஷயம் வேறு. 2008-ல் மும்பை ரயில் நிலையத்தில் காலில் குண்டடி பட்ட ஒன்பது வயதுச் சிறுமி, 2009 ஜூனில் ஊன்றுகோலோடு கோர்ட்டுக்கு வந்து கசாபைக் காட்டினாள். அந்தத் துணிவுக்குத் தலைவணங்கவேண்டும். ஆனால் கசாபின் படம் அதற்குள் நாட்டிலுள்ள எல்லாப் பத்திரிகைகளிலும் வந்திருந்தது என்பதையும் நினைக்கவேண்டும். அந்த வழக்கு அவள் விரலை மட்டும் நம்பி நிற்கவில்லை. புகைப்படங்கள் இருந்தன, காமராப் பதிவுகள் இருந்தன, வேறு பல சாட்சிகள் இருந்தார்கள். பல தூண்களில் ஒன்றாகக் குழந்தை நின்றாள். ஒற்றைத் தூணாக நிறுத்தும்போதுதான் ஆபத்து.

நம் நீதிமன்றங்கள் குழந்தையின் சாட்சியத்தை எடைபோடும்போது மிகவும் அஞ்சுவது ‘சொல்லிக்கொடுத்த சாட்சி’க்குத்தான். யாராவது உருப்போட வைத்தார்களா என்று துருவித் துருவிப் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அதுவும் பொற்கொல்லனைத் தேடும் வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. யாருமே சொல்லிக்கொடுக்காமல், கேட்ட விதத்தினாலேயே ஒரு குழந்தை தவறிப்போகலாம். கிரீனும் மக்யூவனும் பார்த்தது அதைத்தான்.

இதற்குப் பரிகாரமும் பெரிய மந்திரம் அல்ல. இங்கிலாந்தில், அடையாளம் காட்ட வருகிறவரிடம், நீங்கள் பார்த்த ஆள் இங்கே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்பது போலீஸ் விதி. குழந்தைக்கு வாயால் சொன்னால் மட்டும் போதாது என்று கண்டு, நியூஸிலாந்தில் ரேச்சல் ஸஜாக் என்பவரும் அவருடைய சகாவும் ஓர் எளிய உபாயம் செய்து பார்த்தார்கள். 2009-ல் அதை வெளியிட்டார்கள். முகப்படங்களோடு ஒரு வெறும் நிழலுருவத்தையும், அதன் மேல் ஒரு கேள்விக்குறியையும் சேர்த்துவைத்தார்கள். ‘அந்த ஆள் இல்லை’ என்றால் இதைக் காட்டு என்றார்கள். எட்டு முதல் பதினோரு வயதுப் பிள்ளைகள் தவறாகக் காட்டுவது குறைந்தது. சரியாகக் காட்டுவது குறையவில்லை. குழந்தைக்கு எதையாவது காட்டியே ஆகவேண்டும் என்றிருந்தது. காட்டுவதற்கு ‘இல்லை’ என்ற ஒன்றையும் கொடுத்துவிட்டார்கள். விஷயம் அவ்வளவுதான். நம் நாட்டில் 2012ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டம், சாட்சி சொல்லும் குழந்தை எதிரியின் பார்வையில் படாதபடி திரை போடச் சொல்கிறது. பயத்துக்குத் திரை போட்டுவிட்டோம். பெரியவர்களைத் திருப்திப்படுத்தும் ஆசைக்கும் ஒரு திரை தேவை.

சட்டத்தைச் சட்டக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் தொழில் கதை எழுதுவது. ஜூரிகள் நம் நாட்டிலிருந்து போய்விட்டார்கள். ஆனால் ஊர் என்ற பெரிய ஜூரி இன்னும் இருக்கிறது. டீக்கடையிலும் திண்ணையிலும் அது தினமும் தீர்ப்புச் சொல்கிறது. “குழந்தையே சொல்லிடுச்சேப்பா, இன்னும் என்ன?” என்று அது கேட்கும்போது, அந்த வாக்கியத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். மலையேறிப் பிழைக்கப் போகும் ஒருவன், ஊருக்குப் புதியவன், தலையில் குல்லா போட்டவன், அந்த வாக்கியத்தில் அகப்பட்டுக்கொண்டால் அவனுக்காகப் பேச ஒரு கதைகூட நம்மிடம் இல்லை.

அடுத்த போட்டிக்குக் கதை எழுத உட்காரும் இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். குழந்தையைச் சிறை முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையையும் நிறுத்துங்கள். முகம் முகமாகப் பார்க்கட்டும். எல்லோரும் அதன் வாயைப் பார்த்துக் காத்திருக்கட்டும். பிறகு அது அத்தையிடம் திரும்பி, “இங்கே அந்த மாமா இல்லை அத்தை” என்று சொல்லட்டும். அதை நம்பி எழுதிக்கொள்ளும் ஒரு மாஜிஸ்டிரேட்டையும் படைத்துவிடுங்கள். அந்தக் கதைக்கு முதல் பரிசு கொடுக்க நான் தயார்.